தேனிலவுக்கு அமாவாசை பாருங்கள்

கேள்வி இதுதான்: திருமணம் முடிந்ததும் பத்து நாள் விடுப்பு. வெப்பமண்டலத்தில், இயற்கையைக் கெடுக்காத ஒரு தங்குமிடம் வேண்டும். தண்ணீர் கண்ணாடி போல இருக்க வேண்டும், விலங்குகளும் நிறைய இருக்க வேண்டும். எங்கே போகலாம், எப்போது போகலாம், ‘ஈகோ’ (eco, அதாவது இயற்கைக்கு உகந்தது) என்று பெயர்ப்பலகை மாட்டியவர்களில் யாரை நம்பலாம்? இருவரில் ஒருவருக்கு நீந்தத் தெரியாது.

தீவு விடுதிகளில் ஒன்பது ஆண்டுகள் இயற்கை வழிகாட்டியாக வேலை பார்த்தவன் நான். என் வேலையில் பாதி, விருந்தினரைக் கடலுக்கு அழைத்துப் போவது. மீதிப் பாதி, விளம்பரப் படத்தில் பார்த்தது இன்று ஏன் இல்லை என்று அவர்களைச் சமாதானப்படுத்துவது. அந்த இரண்டாவது வேலையை இங்கேயே முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

முதலில் கசப்பான செய்தி. கண்ணாடித் தண்ணீரும் பெரிய விலங்குகளும் ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். இதைச் சொன்னால் விடுதிக்காரர்களுக்குப் பிடிக்காது. ஆனால் காரணம் எளிமையானது. வெப்பமண்டலக் கடல் அவ்வளவு தெளிவாக இருப்பது அதில் சாப்பாடு இல்லாததால்தான். வெயிலில் சூடான நீர் எடை குறைந்து மேலே நிற்கிறது, குளிர்ந்த நீர் கனத்துக் கீழே கிடக்கிறது, இரண்டும் எளிதில் கலப்பதில்லை. உரச்சத்தெல்லாம் ஆழத்திலேயே தங்கிவிடுவதால் மேல்நீரில் மிதவை நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. மிதக்க ஒன்றும் இல்லாததால்தான் 30 மீட்டர் தூரம் வரை கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே தண்ணீர் விழுங்கிவிடும். எஞ்சிய நீலம் அடியில் கிடக்கும் வெண்மணலில் பட்டுத் திரும்பினால் நீங்கள் படத்தில் பார்த்த அந்த நிறம். பாலைவனத்துக்கு ஒரு நிறம் உண்டென்றால் கடலில் அது இதுதான்.

அந்தப் பாலைவனத்தில் பவளத்திட்டு மட்டும் எப்படிச் செழிக்கிறது என்று கேட்பீர்கள். பவள உயிரி தன் உடலுக்குள்ளேயே நுண்பாசியைக் குடிவைத்திருக்கிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு உரம். பாசி வெயிலில் சமைக்கும் சர்க்கரை பவளத்துக்கு உணவு. வெளியிலிருந்து ஏதும் வராத வீட்டில் ஒரு பருக்கையையும் வீணாக்காமல் நடத்தும் குடித்தனம் அது. அதனால்தான் அதற்குத் தெளிந்த நீர் வேண்டும், வெயில் உள்ளே இறங்க வேண்டும், வெளியிலிருந்து உரமோ சாக்கடையோ வந்து சேரக் கூடாது. சாக்கடையை நினைவில் வையுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

பெரிய விலங்குகளின் கதை வேறு. கொம்புத் திருக்கையும் (மாண்டா) திமிங்கலச் சுறாவும் மிதவை உயிர்களை வாரித் தின்று வாழ்பவை. தண்ணீர் கலங்கலாக, பாசியும் நுண்ணுயிரும் மண்டி, சூப் போல இருக்கும்போதுதான் அவை வரும். மாலத்தீவின் பா பவளத்தீவுக் கூட்டத்தில் ஹனிஃபாரு என்றொரு சின்ன விரிகுடா இருக்கிறது. 2011-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய கடல்நீரின் பெரிய ஏற்றத்தில், மிதவை உயிர்கள் அந்தக் குடாவுக்குள் வந்து அடைபடும். அவற்றைத் தேடிக் கொம்புத் திருக்கைகள் கூட்டமாக வந்து, ஒன்றன்பின் ஒன்றாக வாயைப் பிளந்துகொண்டு சுற்றும். அங்கே காற்றுக்குடுவையோடு மூழ்கும் ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை, மேலே மிதந்தபடிதான் பார்க்க வேண்டும். பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது மழைக்காலம். வானம் சாம்பல், கடல் பச்சை. அதே தீவில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தண்ணீர் பளிங்காக இருக்கும். திருக்கைகள் ஹனிஃபாருவை விட்டு வேறு பக்கம் போயிருக்கும். இரண்டு படங்களையும் ஒரே விளம்பரத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஆறு மாதம் இருக்கிறது என்று மட்டும் எழுதுவதில்லை.

எனவே, நீங்கள் இருவரும் முதலில் பேசி முடிவு செய்ய வேண்டியது ஊரை அல்ல. தெளிவா, விலங்கா, எது முதலிடம் என்பதை. இதைப் பேசாமலே கிளம்பி, மூன்றாம் நாள் காலை படகில் ஒருவர் முகம் சுண்டி உட்கார்ந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

விலங்குதான் முக்கியம் என்றால், எனக்குத் தெரிந்தவரை ராஜா அம்பாட்டுக்கு நிகர் இல்லை. இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில், பப்புவாவை ஒட்டிய தீவுக்கூட்டம். உலகில் அறியப்பட்ட கல்பவள இனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அங்கே இருக்கின்றன. மேலே காட்டில், வைகியோ, பட்டாண்டா தீவுகளில் மட்டுமே வாழும் வில்சன் சொர்க்கப்பறவை. சேவல் பறவை விடியற்காலையில் தரையில் ஒரு வட்டத்தை இலை தழை ஒன்றில்லாமல் பெருக்கித் துப்புரவாக்கிவிட்டுப் பெட்டைக்காகக் காத்திருக்கும். தேனிலவுத் தம்பதிகள் பார்க்க வேண்டிய காட்சி என்று சொல்வேன், அதிலும் குறிப்பாகக் கணவர்கள். மிசூல் தீவில் முன்பு சுறாத் துடுப்பு அறுக்கும் முகாம் இருந்த இடத்திலேயே ஒரு விடுதி எழுந்து, சுற்றியுள்ள கடலை மீன்பிடி இல்லாத காப்பிடமாக்கியது. வைகியோ பக்கம் உள்ளூர்ப் பப்புவா மக்கள் நடத்தும் எளிய குடில்களும் உண்டு. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தெற்கிலிருந்து வீசும் காற்று கடலைக் கடைந்துவிடும். சத்து மிகுந்த நீர் என்பதால் நீங்கள் நினைக்கிற பளிங்குத் தெளிவு எல்லா நாளும் இருக்காது. நீரோட்டங்களும் பலமானவை, நீந்தத் தெரியாதவருக்கு முதல் கடல் அதுவாக இருக்க வேண்டாம். தவிர, சோரோங் நகரம் வரை பல விமானம், அங்கிருந்து படகு என்று போய்ச் சேர்வதற்குள் திருமணக் களைப்போடு பயணக் களைப்பும் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது சீஷெல்ஸ். பிராலின் தீவை மையமாக வைத்துக்கொண்டு, ஏப்ரல்–மே அல்லது அக்டோபர்–நவம்பரில். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவே காற்று ஓயும் இடைவெளி அது. கடல் தட்டையாகக் கிடக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். பெரிய விலங்கு என்று பார்த்தால் இங்கே கடலில் எண்ணிக்கை குறைவு. ஆனால் மற்ற இடங்களில் இரவு முழுவதும் கண்விழித்துக் காத்திருந்தாலும் காணக் கிடைக்காத ஒன்று இங்கே பட்டப்பகலில் நடக்கும். அழுங்காமைகள் அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை வெயிலில் கரையேறி முட்டையிடுகின்றன. உலகின் பெரும்பாலான கடற்கரைகளில் அவை இருட்டியபிறகே வரும். பிராலினின் வல்லே த மே காட்டில் இரட்டைத் தேங்காய் மரங்கள். தாவர உலகின் மிகப் பெரிய விதை அது. படகில் கொஞ்ச தூரம் போனால் கசின் தீவு. 1968-இல் ஒரு பறவைப் பாதுகாப்பு அமைப்பு அந்தத் தென்னந்தோப்புத் தீவை விலைக்கு வாங்கியபோது, சீஷெல்ஸ் கதிர்க்குருவி உலகிலேயே 30-க்கும் குறைவாக அங்கு மட்டும் எஞ்சியிருந்தது. தென்னையை அகற்றிக் காட்டை வளரவிட்டார்கள். இன்று அந்தக் குருவி பல தீவுகளில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. கசினில் இரவு தங்க விட மாட்டார்கள். உங்கள் படகு கரையைத் தொடவும் விட மாட்டார்கள். எலி ஏறி வந்துவிடும் என்று நடுக்கடலில் தங்கள் படகுக்கு உங்களை மாற்றி ஏற்றுவார்கள். அந்தக் கெடுபிடியைப் பார்த்ததும் எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது.

காடுதான் முதலில், கடல் பிறகு என்றால் கோஸ்டா ரிகாவின் ஓசா தீபகற்பம். கொர்கோவாதோ தேசியப் பூங்கா 1975-இல் உருவானது. பதிவுபெற்ற வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அந்நாட்டின் நான்கு குரங்கினங்களும், செம்மக்காவ் கிளிகளும், பன்றி போன்ற உருவமுள்ள டேப்பிரும் அங்கே ஒரே காட்டில். எதிரில் கானியோ தீவில் ஸ்நார்கெலிங் (குழாய் வழியே மூச்சுவிட்டு மேலே மிதந்தபடி பார்ப்பது). டிசம்பர் முதல் ஏப்ரல் வரை உலர்காலத்தில் போனால்தான் தண்ணீர் தெளிவு. மழைக்காலத்தில் ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டும்.

வசதியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயார் என்றால் சான்சிபார் அருகே சும்பே தீவு. 1904-இல் கட்டிய ஒரு கலங்கரை விளக்கம், ஏழு குடில்கள், அவ்வளவுதான். தீவில் நல்ல தண்ணீர் கிடையாது. கூரையில் விழும் மழையைத்தான் பிடித்து வைத்துக் குளிக்கிறார்கள். கழிவறையில் தண்ணீர் ஊற்றுவதே இல்லை, எல்லாம் மக்கி உரமாகிறது. குளித்த நீர் வடிகட்டப்பட்டுச் செடிகளுக்குப் போகிறது. கடலில் ஸ்கூபாவுக்குத் தடை, மிதந்து பார்க்க மட்டும் அனுமதி. முன்பு மீன்பிடித்தவர்களே இப்போது காவலர்கள். இரவில் தென்னை நண்டுகள் நடைபாதையில் வரும். நிலத்தில் வாழும் கணுக்காலிகளில் அதுதான் மிகப் பெரியது, நான்கு கிலோ வரை வளரும். செருப்பை வெளியே விட்டால் காலையில் தேட வேண்டியிருக்கும். மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை, அப்போது வேண்டாம்.

எப்போது என்ற கேள்வியில் மாதத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், திதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தேனிலவு என்றதும் பௌர்ணமியைத்தான் தேடி அறை பதிவு செய்கிறார்கள். கடலோரத்தில் அது பெரும்பாலும் தப்பான கணக்கு. நான் கடலில் பார்த்த அழகான இரவுகள் எல்லாம் நிலா இல்லாத இரவுகள். அலையைக் கையால் அளைந்தால் நீலப்பொறி பறக்கும் உயிரொளி, ஒற்றைச்செல் உயிரிகள் அசைவில் சீண்டப்பட்டு விடும் வெளிச்சம். நிலா இருந்தால் அது கண்ணுக்கே தெரியாது. விண்மீனும் அப்படித்தான். அமாவாசைக்கு ஒரு சிக்கல் உண்டு: ஏற்றமும் வற்றமும் அன்று பெரிதாக இருக்கும், நீரோட்டம் இழுக்கும். ஆகையால் என் கணக்கு இது. தேய்பிறை அஷ்டமியில் போய்ச் சேருங்கள். அந்த முதல் நாட்களில் ஏற்றவற்றம் சிறியது, நீரோட்டம் சாது, நீந்தத் தெரியாதவர் பழகிக்கொள்ளலாம். நாள் போகப் போக இரவு இருட்டிக்கொண்டே வந்து, கடைசி நாட்களில் அமாவாசை. பத்து நாளில் இரண்டும் கிடைத்துவிடும். கடலுக்குள் இறங்க, கூடுமானவரை காலையில், ஏற்றம் முடியப்போகும் நேரம் பாருங்கள்: வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வந்திருக்கும், பவளத்துக்கும் உங்கள் வயிற்றுக்கும் நடுவே போதிய ஆழம் இருக்கும், காற்றும் இன்னும் கிளம்பியிருக்காது. வற்றத்தில் போனால் காயலின் கலங்கல் நீர் வெளியேறிக்கொண்டிருக்கும். அதே இடம்தான், நான்கு மணி நேர வித்தியாசத்தில் வேறு கடல்.

இனி சாக்கடை. ஒரு விடுதி உண்மையில் இயற்கையைக் காக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் கேட்கும் முதல் கேள்வி: “உங்கள் கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது?” மூங்கில் உறிஞ்சுகுழலும், ‘துண்டைத் துவைக்க வேண்டாம் என்றால் தொங்கவிடுங்கள்’ என்ற அட்டையும் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். தீவுகளில் பூமி என்பது பவள மணல், சல்லடை மாதிரி. அதில் ஒரு குழியைத் தோண்டிக் கழிவை விட்டால் அது கசிந்து சில பத்து மீட்டர் தள்ளியிருக்கும் பவளத்திட்டுக்குத்தான் போகும். சத்து இல்லாத நீரில் திடீரென்று உரம் வந்தால் பாசி மண்டி, பவளத்தை மூடும். நான் வேலை பார்த்த ஒரு விடுதியில் – பெயர் வேண்டாம் – விருந்தினர் நிறைந்திருக்கும் மாதங்களில் படகுத்துறைக்கு இடப்பக்கம் இருந்த பவளங்கள் மேல் பச்சைக் கம்பளி போர்த்தியது போல் பாசி படிந்துகொண்டே வந்தது. வலப்பக்கம் நன்றாக இருந்தது. இடப்பக்கம்தான் சமையலறையும் சலவைக்கூடமும். விருந்தினர்களை வலப்பக்கம் மட்டும் அழைத்துப் போகும்படி எனக்கு உத்தரவு. அங்கிருந்து நான் கிளம்ப அதுவும் ஒரு காரணம்.

இது சின்ன விவகாரம் என்று நினைக்க வேண்டாம். மலேசியாவின் சிப்பாடான் தீவு உலகின் மிகச் சிறந்த முக்குளிப்பு இடங்களில் ஒன்று. அந்தச் சின்னத் தீவின் மீது விடுதிகளின் பாரம் தாங்காது என்று 2004-இல் அரசு அத்தனை விடுதிகளையும் தீவை விட்டே வெளியேற்றியது. இன்று யாரும் அங்கே இரவு தங்க முடியாது. பக்கத்துத் தீவிலிருந்து அனுமதிச்சீட்டோடு போய்விட்டுத் திரும்ப வேண்டும்.

அந்தக் கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றி நான்கு வரி எழுதி, வந்தால் காட்டுகிறோம் என்று பதில் வந்தால் நல்ல இடம். “நாங்கள் இயற்கையை நேசிக்கிறோம்” என்று மட்டும் வந்தால் அடுத்த விடுதியைப் பாருங்கள். கூடவே இன்னும் சில கேட்கலாம்: படகுகள் நங்கூரம் போடுகின்றனவா, நிலையான மிதவையில் கட்டுகின்றனவா (நங்கூரச் சங்கிலி ஒருமுறை புரண்டால் நூறு வருடப் பவளம் நொறுங்கும்); வழிகாட்டிகள் அந்த ஊர்க்காரர்களா; கரையோர அலையாத்தி மரங்களை ‘காட்சி மறைக்கிறது’ என்று வெட்டினார்களா. அலையாத்திதான் நிலத்துச் சேற்றைப் பிடித்து நிறுத்தி உங்கள் தண்ணீரைத் தெளிவாக வைத்திருப்பது. சான்றிதழ்களைப் பொறுத்தவரை, உலக நிலைபேறான சுற்றுலா மன்றத்தின் அளவுகோலை ஒட்டி வெளியாள் வந்து தணிக்கை செய்த சான்று என்றால் ஓரளவு மதிப்பு உண்டு. விடுதியே தனக்குத் தந்துகொண்ட பச்சை இலை முத்திரைக்கு மதிப்பு இல்லை. கடல் மேல் கால் ஊன்றிய குடில்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அவற்றின் நிழலில் பவளம் வளராது, தூண் நடுகையில் அடிமண் கலங்கும். கரையில், மரங்களுக்குப் பின்னால் இருக்கும் குடிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

விளக்குகளைப் பற்றியும் கேளுங்கள். மணலிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சு, இருப்பதிலேயே வெளிச்சமான, தாழ்ந்த அடிவானத்தை நோக்கிப் போகும். இருட்டான கரையில் அது கடல்தான். விளக்கு எரியும் கரையில் அது சாப்பாட்டுக்கூடம். ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு, நாற்காலிகளுக்கு அடியில் முப்பது நாற்பது குஞ்சுகள் ஊர்ந்துகொண்டிருந்ததை, மேசைத்துணியை விரித்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தம்பதியினர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, எவ்வளவு அழகு என்றார்கள். முட்டையிடும் பருவத்தில் கடலை நோக்கிய விளக்குகளை அணைக்காத விடுதி, குஞ்சுகளைத் தொட்டியில் நாள்கணக்கில் வைத்து விருந்தினர் கையால் கடலில் விடச் செய்யும் விடுதி, இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பிறந்த முதல் நாளின் வேகத்தில்தான் குஞ்சு கரையோர மீன்களைத் தாண்டி ஆழக்கடலுக்குப் போக வேண்டும். தொட்டியில் அந்த வேகம் தீர்ந்துவிடும். மீனுக்கு ரொட்டி போடுவது, நட்சத்திர மீனைத் தண்ணீருக்கு மேல் தூக்கிப் படம் எடுப்பது, தேவாங்கையோ குரங்குக் குட்டியையோ மடியில் வைத்துக் கொடுப்பது எல்லாம் இதே ரகம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் பயணத்தில் இயற்கைக்கு நேரும் பெரிய கேடு விமானம். பத்து நாளில் நான்கு தீவு என்று கடல்விமானத்தில் தாவுவதைவிட ஒரே இடத்தில் ஒன்பது இரவு தங்குவது எல்லா வகையிலும் நல்லது. பவளத்துக்கும் நேரம் சரியில்லை. 2023-இல் தொடங்கிய உலகளாவிய வெளிறல் பல திட்டுகளைப் பாதித்திருக்கிறது. வெந்நீரில் பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். சில இனங்கள் வெளுக்கும்போது பளீரென்ற ஊதா, மஞ்சள் நிறம் காட்டும். அழகு என்று படம் எடுப்போம். அது காய்ச்சலில் சிவந்த முகம். கிளம்புவதற்கு முன், சென்ற பருவத்தில் திட்டு எப்படி இருந்தது என்று விடுதியின் வழிகாட்டியிடமே கேட்டுவிடுங்கள். விற்பனைப் பிரிவிடம் கேட்க வேண்டாம்.

ஒரே இடம் என்று சொன்னேன் அல்லவா, அந்த இடத்துக்கு ஒரு நிபந்தனை: கரையிலிருந்து நடந்தே இறங்கக்கூடிய பவளத்திட்டு வாசலிலேயே இருக்க வேண்டும். படகு, நேரம், இருபது பேர் கூட்டம் எதுவும் வேண்டாம். ஒரே பாறைக்குத் தினமும் போகலாம். முதல் நாள் நீங்கள் அங்கே அந்நியர். நான்காம் நாள் அதே சாம்பல் நிற ஆக்டோபஸ் அதே பொந்தின் வாசலில், ஓடி ஒளியாமல், உங்களைப் பார்த்து நிறம் மாறிக்கொண்டு நிற்கும். தலையைத் தண்ணீருக்குள் வைத்துச் சும்மா மிதந்தால் ஒரு சத்தம் கேட்கும், யாரோ முறுக்கு கடிப்பது போல. கிளிமீன் பவளத்தைக் கொறிக்கிறது. பாறையோடு சேர்த்துப் பாசியைக் கடித்து, தொண்டையில் அரைத்து, சுண்ணத்தைப் பின்னால் வெண்புகையாக விட்டுவிட்டுப் போகும். ஒரு பெரிய கிளிமீன் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலை இப்படி உண்டாக்குகிறது. நீங்கள் கைகோத்து நடக்கும் அந்த வெண்மணலின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

நீந்தத் தெரியாதவர் பற்றி. கவலை வேண்டாம், ஆனால் இரண்டு விதி. வாழ்க்கைத்துணையிடம் கற்க வேண்டாம். தேனிலவில் முதல் சண்டை அங்கேதான் பிறக்கும். விடுதியின் பயிற்றுநரிடம் கேளுங்கள். மிதவைச்சட்டை எப்போதும் உடலில் இருக்க வேண்டும். முதல் நாள் துடுப்புக் காலணி போடாமல், இடுப்பளவு நீரில் மணல்தரையில் நின்றபடி, முகமூடியை அணிந்து முகத்தை மட்டும் நீருக்குள் வைத்து வாயால் மூச்சு விட்டுப் பழகுங்கள். இருபது நிமிடம் போதும். கண்ணாடியில் பனி படராமல் இருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவுவது உலகமெங்கும் உள்ள வழக்கம். புதுத் தம்பதிகள் முதலில் கூச்சப்படுவார்கள், மூன்றாம் நாள் ஒருவருக்காக ஒருவர் துப்பிக்கொடுப்பார்கள். நன்றாக நீந்துகிறவருக்கும் ஒன்று: தனியாகத் தூரம் போகாதீர்கள். ஸ்நார்கெலிங்கில் உயிர் போகிறவர்கள் பல நேரம் கூச்சல் எதுவும் இல்லாமல், தலை கவிழ்ந்தபடியே போகிறார்கள்.

வெயிலுக்குக் களிம்பைவிட முழுக்கைச் சட்டை மேல். பவளத்துக்கு ஆகாதவை என்று சில வேதிப்பொருள்கள் அடங்கிய களிம்புகளைப் பலாவு 2020 முதலும் ஹவாய் 2021 முதலும் தடுத்திருக்கின்றன. முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் துத்தநாக ஆக்சைடு களிம்பு போதும்.

பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உடனே இருந்தால் ஒரு விஷயத்தைத் தள்ளிப்போட முடியாது. வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் கொசு வழியாகப் பரவும் ஜிகா வைரஸ் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது, உடலுறவிலும் தொற்றக்கூடியது. அது பரவும் இடத்துக்குப் போய்வந்தால் கருத்தரிக்க முயல்வதற்கு முன் பெண் இரண்டு மாதம், ஆண் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். மலேரியா மாத்திரையும் நாட்டுக்கு நாடு மாறும்; பதிவு செய்வதற்கு முன்பே மருத்துவரிடம் இடத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கர்ப்பம் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே ஸ்கூபா கூடாது. மற்றவர்களும் கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும்.

ஆக, கடைசி நாள் கடலுக்குள் வேலை இல்லை. நான் சொன்ன திதிக்கணக்குப்படி அன்று அமாவாசையை ஒட்டிய இரவு. விடுதி அனுமதித்தால் படகுத்துறையின் நுனிக்குப் போய்க் குப்புறப் படுத்து, சிவப்பு விளக்கைக் கீழே அடித்துப் பாருங்கள். தூணின் அடியில், பாறை இடுக்கில், பகலில் முறுக்கு கடித்த அதே கிளிமீன் தூங்கிக்கொண்டிருக்கும். சில இனங்கள் தூங்குவதற்கு முன் வாயிலிருந்து வழவழப்பான சவ்வு ஒன்றை ஊதி, உடலைச் சுற்றிக் கண்ணாடிப்பை போல மூடிக்கொள்ளும். இரத்தம் குடிக்கும் சிறு ஒட்டுண்ணிகளுக்கு அது கொசுவலை. பைக்குள் செவுள் மெல்ல அசைவது தெரியும். ஒளியை அதன்மேல் நீண்ட நேரம் நிறுத்த வேண்டாம். டார்ச்சுக்கு மாற்று பேட்டரி எடுத்துப் போங்கள், தீவில் கிடைக்காது.